மூணு அம்பது பஸ்

அரியலூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் ஒன்பது ஆண்டுகள் நான் நடத்திய தாளின் பெயர் ‘அரசுறவும் பேச்சுவார்த்தையும்’. வாரம் நான்கு வகுப்பு. செய்முறைக்கு இருபது மதிப்பெண். வகுப்பை இரண்டு நாடுகளாகப் பிரித்து எல்லைத் தகராறு பேசச் சொல்வேன். கால் மணி நேரத்தில் ஒரு நாடு தூங்கிவிடும். மற்றது டிபன் பாக்ஸைத் திறந்துவிடும். ஏழாவது ஆண்டில் எனக்கே அலுத்துப்போய், நிஜமான ஒருவரிடம் நிஜமான ஒன்றைக் கேட்டு வாங்கினால்தான் மார்க் என்று சொல்லிவிட்டேன்.

“ஐ.நா. சபைக்குப் போவணுமா சார்?” என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன்.

“டெப்போவுக்குப் போடா, போதும்” என்றாள் முன்வரிசை மாணவி ஒருத்தி, திரும்பிப் பார்க்காமலே.

அவள் திருமானூர் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்க்காரி. அவளுடைய பஸ் கல்லூரி வாசலை மூன்று ஐம்பதுக்குக் கடக்கும். கடைசி வகுப்பு முடிவதோ நான்கேகாலுக்கு. அடுத்த பஸ்ஸில் போனால் வயல்வழியே இருட்டில் நடக்க வேண்டும். அவள் அப்பா அதற்குச் சம்மதிக்கவில்லை. தினமும் கடைசி வகுப்பை விட்டுவிட்டு ஓடினாள். இப்படியே போனால் வருகைப்பதிவு குறைந்து, பரீட்சை எழுத முடியாது. பஸ் நான்கு இருபதுக்கு வர வேண்டும். கோரிக்கை அவ்வளவுதான்.

பத்து நாள் தயாரித்தாள். அந்த பஸ் திருமானூரில் நாற்பது நிமிஷம் சும்மா நிற்கிறது, அரை மணி தள்ளி விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று கண்டுபிடித்ததும் அவள்தான். அவளுடைய குறிப்புகளைச் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்ததும் வாயை மூடிக்கொள், எதிரில் இருப்பவர் யோசிக்கட்டும் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நான்கு மாணவர்களுடன் டெப்போவுக்குப் போனேன். நான் வெறும் பார்வையாளன் என்று முன்பே சொல்லியிருந்தேன். கிளை மேலாளர் எனக்கு நாற்காலி போட்டார். அவள் தடுமாறாமல் எல்லாவற்றையும் சொன்னாள். “நாலு இருபதுக்கு விட்டீங்கன்னா போதும் சார்” என்று நிறுத்தினாள்.

மேலாளர் மேஜைமேல் இருந்த நேர அட்டவணையில் விரலை ஓட்டினார். யாரும் பேசவில்லை. எனக்குக் காலையிலிருந்தே தலைவலி. பெண் மிரண்டுபோய் நிற்கிறாள் என்று நினைத்தேன். “முழுசா முடியாட்டியும் ஒரு பத்து நிமிஷமாவது தள்ளி விடுங்களேன்” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “பத்து நிமிஷந்தானே சார்? நாளைலேருந்து நாலு மணிக்கு. உங்களுக்காக.” டீ சொல்லி அனுப்பினார்.

“சார் வாயத் தொறந்தாரு, வேலை முடிஞ்சிருச்சு பாத்தியா” என்றான் கடைசி பெஞ்சுக்காரன் வாசலில்.

அவள் கொஞ்ச தூரம் நடந்த பிறகு என்னிடம் சொன்னாள்: “நான் பயந்துகிட்டு நிக்கல சார். அவரு வெரலு நாலு இருபதுலதான் இருந்துச்சு.”

மறுவாரம் தனியாகப் போனேன். “நீங்கதானே சார் பத்து நிமிஷம் கேட்டீங்க? எல்லாருக்கும் எழுதிக் குடுத்தாச்சு. திரும்ப மாத்துனா என்னைத்தான் திட்டுவாங்க” என்றார் மேலாளர். அவர் சொன்னதில் தவறில்லை. கல்லூரி நேரத்தை மாற்றலாமா என்று முதல்வரிடம் கேட்டேன். “ஒரு பொண்ணுக்காக அத்தனை பேரையும் மாத்தச் சொல்றீங்களா?” என்றார். டெப்போவுக்கு இன்னும் இரண்டு முறை போனேன். இரண்டு நாளும் நாட்குறிப்பில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: போனேன், முடியவில்லை.

செய்முறையில் அவளுக்கு இருபதுக்கு இருபது போட்டேன். பரீட்சை எழுத முடியாதவர்கள் பட்டியலில் அவள் பெயரும் வந்தது.

மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் அப்பா வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. “இன்னொரு வருசம் அனுப்ப முடியாதுங்க சார். நீங்க பேசலேன்னா அந்தப் பத்து நிமிசங்கூடக் கெடச்சிருக்காதாமே, பாப்பா சொன்னுச்சு” என்றார்.

சான்றிதழை எடுத்து நிரப்பினேன். விலகும் காரணம் என்ற இடத்தில் எதையாவது எழுத வேண்டியிருந்தது. ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, “சரிதானுங்க சார்” என்றார்.