வேலிக்கு முன்னால் ஒரு நிறுத்தம்

மா மோசா போட்டுக் கொடுக்கும் பயணத் திட்டங்களில் எல்லாம் ஒரே தவறு இருந்தது. தெரியாமல் செய்த தவறு இல்லை அது. வேலிக் காவலனான எனக்கு அது வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே விளங்கிவிட்டது.

மவுன் ஊரில் வண்டியை வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டிக்கொண்டு யானையும் சிங்கமும் பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு வழி வகுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. எந்த ராத்திரி எங்கே கூடாரம் போடுவது, எந்த மணலில் சக்கரக் காற்றைக் குறைப்பது, எந்த ஊரில் டீசல் போடாவிட்டால் பிறகு அழ வேண்டியிருக்கும் என்று எல்லாம் எழுதிக் கொடுப்பார். கம்பெனி மவுனில். அவரோ காலமான புருஷன் விட்டுப்போன வீட்டில், என் தடுப்புக் கம்பத்துக்கு எதிரே சாலையின் மறுபக்கம், ஒரு மடிக்கணினியோடு தனியாக உட்கார்ந்திருப்பார்.

பெற்ற பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் எங்கள் ஊரில் தாயைக் கூப்பிடுவோம். மகள் மோசா தலைநகர் கேபரோனில் இருக்கிறாள். அவள் ஊருக்கு வந்து நாலு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் நாங்கள் நாள் முழுக்க அவள் பேரைச் சொல்லியே அந்த அம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்கே சில நேரம் கூச்சமாக இருக்கும்.

தவறைச் சொல்லவில்லையே. எங்கள் வேலிக்கு வடக்கே காட்டெருமைகள் திரிகின்றன. கோமாரி பரவும் என்று வடக்கிலிருந்து பச்சைக் கறி ஒரு துண்டுகூடத் தெற்கே போகக் கூடாது. குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பதும், கறி இருந்தால் பிடுங்கிக் குழியில் போட்டு எரிப்பதும், மருந்தில் நனைத்த சாக்கைச் செருப்புக் காலோடு மிதிக்கச் சொல்வதும் என் வேலை. வெந்த கறி போகலாம். வழி போடுகிற எவரும் ‘கறியை வேலி தாண்டி வாங்குங்கள்’ என்றுதான் எழுதுவார்கள். மா மோசா மட்டும், ‘கறியை மவுனிலேயே வாங்குங்கள். வேலிக்கு முன்னால் நீலக் கதவு வீடு. நின்று, கோ கோ என்று கூப்பிடுங்கள். அங்கே சுட்டுக்கொள்ளலாம்’ என்று எழுதுவார். அந்த நீலக் கதவு அவருடையதுதான்.

எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று கோ கோ என்று குரல் கொடுக்க வேண்டும். ஜெர்மன்காரர்களும் டச்சுக்காரர்களும் வெயிலில் சிவந்த முகத்தோடு அங்கே நின்று சேவல் மாதிரிக் கூவுவதை நான் கம்பத்தடியிலிருந்து பார்த்துச் சிரிப்பேன். உள்ளிருந்து நாற்காலிகள் இழுபடும் சத்தம் வரும். பிறகு அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“வழி எப்படி இருந்துச்சு?”

அந்த வழியைப் போட்டதே அவர். கல் எங்கே, குழி எங்கே என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் மொப்பானே விறகு கனன்று அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். அவர்கள் போனதும் எனக்கு ஒரு தட்டில் களியும் கறியும் வரும்.

“இந்தாய்யா கறிக்கள்ளா, தின்னு. சனங்ககிட்ட புடுங்கி எரிக்கிறியே, பாவம் தொலையட்டும்.”

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறீங்க மா மோசா. ஒருநாள் முதலாளி கண்டுபிடிப்பாரு பாருங்க.”

“நீ வாய மூடிக்கிட்டு மென்னா போதும்.”

கண்டுபிடித்தார். மூன்று வண்டிகளில் கூட்டமாக வந்த ஒரு குடும்பம், ‘ஏன் எங்களை வீணாக அரை நாள் நிறுத்தினீர்கள்?’ என்று கம்பெனிக்கு எழுதிவிட்டது. முதலாளி ஒபுசெங் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வாசலில் கோ கோ சொல்லி, உட்கார்ந்து, தேநீர் குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

“மா, நம்ம திட்டம் மாதிரி யாரும் போட முடியாது. ஆனா அந்தக் கறி நிறுத்தம் வேணாம் மா. அத எடுத்துடுங்க.”

“எடுத்துடறேன் ரா” என்றார் மா மோசா. ஆண்களை மரியாதையாக ரா என்றுதான் எங்கள் ஊரில் கூப்பிடுவோம்.

அதற்குப் பிறகு வண்டிகள் நேராக என்னிடம் வந்தன. பெட்டிகளில் தண்ணீரும் பழமும்தான் இருந்தன. சாக்கை மிதித்தார்கள், போனார்கள். எதிரே அவர் நாற்காலியைக் கதவுக்கு அருகே போட்டு உட்கார்ந்திருப்பார். தான் போட்ட வழியில் தன்னைத் தாண்டிப் போகிற வண்டிகளுக்குக் கை காட்டுவார். அவர் யாரென்று தெரியாமல் அவர்களும் பதிலுக்குக் கை காட்டுவார்கள்.

ஒரு விடியலில் புருஷனுடைய பழைய வண்டி என் கம்பத்தடியில் வந்து நின்றது. உள்ளே அவர், நல்ல உடுப்பில், தலைத்துணி கட்டி.

“கேபரோனுக்கு. மோசாவப் பாக்க.”

கடமைக்குக் கேட்டேன். “பச்சக் கறி இருக்கா மா?”

“எல்லாம் வெந்தது. என்னையும் சேத்து.”

போன வேகத்திலேயே திரும்பிவிட்டார். வடக்கே வரும் வண்டியைச் சோதிப்பதில்லை. ஆனாலும் நிறுத்தினார்.

“மோசா எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா. உசரமா மதில். வாசல்ல நின்னு கோ கோன்னு கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு நாய்தான் பதில் சொல்லுச்சு. அப்புறம் பாத்தா ஒரு பொத்தான். அமுக்கினேன். வந்தா, கட்டிப் பிடிச்சா. ‘ஏம்மா சொல்லாம வந்த? நாளைக்கு நான் வேலையா வெளியூர் போறேனே’ன்னா.”

“நீங்க சொல்லிட்டுப் போகலையா?”

“ஊரு சனத்துக்கெல்லாம் திட்டம் போடுறேன். பெத்த பொண்ணு வீட்டுக்குப் போக எதுக்கு ரா திட்டம்?”

அவர் அழவில்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை மட்டும் இறங்கவே இல்லை. “உன் வேலை எப்ப முடியும்?” என்றார்.

“பொழுது சாயறப்ப.”

“சரி. எழுதிக்க. பொழுது சாயறப்ப கம்பத்துலேருந்து கிளம்பு. சாலையத் தாண்டு. மணலு, பாத்து வா. நீலக் கதவு. நின்னு குரல் கொடு.”

“அந்தக் கதவ எனக்குத் தெரியாதா மா?”

“தெரியும். வந்ததில்ல.”

உண்மைதான். தட்டு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. எனக்குப் போக வேண்டிய தேவை இருந்ததில்லை. அன்று சட்டை மாற்றிக்கொண்டு போனேன். எத்தனையோ வெள்ளைக்காரர்கள் நின்று கூவிய இடத்தில் நின்றேன்.

“கோ கோ!”

உள்ளே நாற்காலி இழுபட்டது. இன்னொன்றும் இழுபட்டது. தேநீரை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“வழி எப்படி இருந்துச்சு ரா?”

நான் தாண்டி வந்தது ஒரே ஒரு சாலை. நடுவில் படுத்திருந்த ஆட்டைச் சொன்னேன், லாரிக்காரன் அடித்த ஹாரனைச் சொன்னேன், செருப்பில் ஏறிய முள்ளைச் சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இருட்டும்வரை நான் அந்தச் சாலையைத் தாண்டிக்கொண்டே இருந்தேன்.