நார்மாவும் ஏழாம் சிலிண்டரும்

ஐவா ராட்லிஃபுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முடிந்து வரும்போதெல்லாம் உடம்பு நடுங்கும். கம்பளியைச் சுற்றிக்கொண்டுதான் மகன் லேனுடைய பிக்கப் வண்டியில் உட்காருவார். ஒரு நவம்பர் வியாழக்கிழமை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் பாதி மலை ஏறியிருப்பார்கள். அம்மா திடீரென்று, "டேய் லேனு, சீட்டு சுடுதுடா" என்றார்.

லேன் பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டினான். ஒயர் ஏதோ எரிகிறது என்று நினைத்தான். குனிந்து பார்த்தால், சீட்டு உறைக்கு அடியில் சூடேறும் மெத்தை ஒன்று தைத்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒயர் ஒன்று தரைவிரிப்புக்கு அடியிலேயே ஓடி, ஒரு சின்னப் பொத்தானில் போய் முடிந்திருந்தது. முந்தின நாள் ஆயில் மாற்ற வண்டி மெக்கானிக் நார்மா ஸ்டிடமின் ஷெட்டில் நின்றிருந்தது. போய்க் கேட்டதற்கு அவள், "எந்தச் சீட்டு? உங்கம்மாவுக்கு ஜுரமா இருக்கும், போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு ஒரு லாரிக்கு அடியில் புகுந்துகொண்டாள். அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் வாங்க முடியாது.

நார்மா பள்ளிக்கூடத்தில் லேனுக்குப் பின் பெஞ்சு. பதினாலு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் எந்திரங்களைப் பழுது பார்த்தாள். சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் கிறிஸ்தவ சபைக்குப் பின்னால் ஷெட் போட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் பூட்டு. ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கும்போது மட்டும் கைகள் சுத்தமாக இருக்கும், அதுவும் நகக்கண்ணைத் தவிர.

லேனுக்கு நாற்பத்தொன்பது வயது ஆனபோது ஓர் ஆசை வந்தது. அவன் அப்பா வைத்திருந்த பழைய கார் நிற்கிற இடத்திலேயே துள்ளித் துள்ளி உறுமும். வாலிபத்தில் கேட்ட அந்தச் சத்தம் அவன் காதை விட்டுப் போகவே இல்லை. அது வேண்டுமென்றால் பிக்கப்பின் இன்ஜினுக்குள் பெரிய மேடுகள் கொண்ட கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டு, போட வேண்டும். அதற்கேற்ற புது வால்வு ஸ்பிரிங்குகளோடு சாமானை வாங்கிவிட்டான். ஆனால் சனிக்கிழமை மதியம் அம்மாவை வீட்டில் இறக்கினால், செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் கிளம்ப வேண்டும். அந்த இடைவெளிக்குள் வேலை முடிந்தாக வேண்டும். அந்த ஞாயிறு அவன் சபைக்கு வரவில்லை. திங்கள் சாயங்காலம் இன்ஜின் உறுமியது. ஐவா சன்னலைத் திறந்து, "உங்கப்பன் வந்துட்டான்னு நெனச்சேன்டா" என்று சிரித்தார். செவ்வாயும் வியாழனும் சனியும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். சனிக்கிழமை திரும்பும் வழியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் ஆண்கள் நேராகச் சாப்பாட்டுக்குப் போகமாட்டார்கள். நல்ல சட்டையோடு சரளைக்கல் மைதானத்தில் யாராவது ஒருவருடைய வண்டியின் பானட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றி நிற்பார்கள். பெண்கள் அதற்கு இரண்டாம் ஆராதனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஞாயிறு லேனின் முறை. சித்தப்பா மகன் கர்ட் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான்.

"கோடு முந்நூறு. எங்கேயோ ஒரு சிலிண்டர் சரியா எரியாம மிஸ்ஸிங்னு சொல்லுது. இன்னொண்ணு முந்நூற்றேழு. அது ஏழாவது."

"கேம் போட்டா இந்த லைட்டு எரியத்தான்யா செய்யும். வண்டி துள்ளுது, கம்ப்யூட்டர் பயந்துக்குது," என்றார் சுற்றி நின்றவர்களில் ஒருவர்.

"என் பொண்டாட்டி மாதிரி. நான் இருமினாலே டாக்டருக்கு போன் போட்டுருவா," என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். கேமைப் பற்றிச் சொன்னதிலும் தப்பில்லை. பெரிய கேம் போட்ட இன்ஜின் நின்ற இடத்தில் தள்ளாடும். ஒவ்வொரு தள்ளாட்டத்தையும் மிஸ்ஸிங் என்று கம்ப்யூட்டர் எண்ணிவிடும். கர்ட் அன்று மதியமே லேப்டாப்பைக் கொண்டுவந்து, மிஸ்ஸிங்கைக் கவனிக்கிற வேலையையே கம்ப்யூட்டரிடமிருந்து எடுத்துவிட்டான். விளக்கு அணைந்தது. செவ்வாய்க்கிழமை அம்மாவும் மகனும் மலை தாண்டிப் போய் வந்தார்கள்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வந்த நார்மா மைதானத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

"லைட்டு எரிஞ்சுதாமே?"

"கர்ட் அணைச்சுட்டான். இனிமே தொல்லையில்ல."

"மலை ஏறும்போது எப்படிப் போகுது?"

லேன் கொஞ்சம் தயங்கினான். "இழுவை கம்மியாத்தான் இருக்கு. புதுசுல்ல, பழகிடும்."

"நின்னா தள்ளாடும், சரி. ஏறும்போது ஏன் இழுவை குறையணும்? சாவியைக் குடு."

"நார்மா, விளையாடாத. காலையில அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்."

"என் காரை எடுத்துட்டுப் போ. சின்னதுதான். உன் தொந்தியை உள்ள இழுத்துக்கிட்டா கதவு மூடும்."

"நானே பிரிச்சு நானே மாட்டினேன். எனக்குத் தெரியாதா?"

"உன் வேலையை நான் குறை சொல்லலடா. டெல்மர் வண்டிக்கு லைட்டை அணைச்சது யாருன்னு உனக்குத் தெரியும்ல?"

டெல்மர் நார்மாவின் தம்பி. அவன் வண்டியிலும் இதே மாதிரி கேம், இதே மாதிரி விளக்கு. கேம்தான் காரணம் என்று சொல்லி நார்மாவே அதை அணைத்தாள். ஒருநாள் இறக்கத்தில் இன்ஜின் உள்ளுக்குள்ளேயே உடைந்து நின்றது. ஸ்டியரிங் இறுகி வண்டி பள்ளத்தில் போனது. டெல்மர் இன்றைக்கும் கைத்தடியோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்காருகிறான். நார்மா நான்காவது வரிசை.

லேன் சாவியைக் கொடுத்தான். அந்த மலைப்பாதையில் போனுக்குச் சிக்னல் கிடையாது. ஒரு தடவை டயாலிசிஸ் தவறினால் மறுநாளே அம்மாவுக்கு மூச்சு முட்டும். நார்மா அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மறுநாள் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, அம்மாவை வீட்டில் படுக்க வைத்துவிட்டு ஷெட்டுக்கு வந்தான். கம்ப்யூட்டருக்குப் புதுக் கேமின் நடையைக் கற்றுக்கொடுத்து, விளக்கையும் பழையபடி வேலை செய்ய வைத்திருந்தாள் நார்மா.

"இப்பப் பாரு. நிக்கும்போது எட்டு சிலிண்டர்லயும் கொஞ்சம் கொஞ்சம் மிஸ்ஸிங் எண்ணுது. அது கேமோட சேட்டை, விடு." ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தினாள். ஸ்கேனரில் மற்ற சிலிண்டர்களின் எண்கள் அப்படியே நின்றுவிட்டன. ஏழாவதின் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. "இது சேட்டையில்ல. தீப்பொறி குடுக்கிற பிளக்கையும் காயிலையும் அஞ்சாவது சிலிண்டரோட மாத்திப் போட்டுப் பாத்தேன். கோளாறு ஏழுலயேதான் இருக்கு."

இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றினார்கள். ஏழாவது சிலிண்டர் கடைக்கோடியில், கேபின் தகரத்தை ஒட்டி இருக்கிறது. கை நுழையவே இடமில்லை. நார்மா டார்ச் அடித்தாள். வால்வின் மேல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங்குகள். வெளி ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. உள் ஸ்பிரிங் ஒன்றே வால்வைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் போனால் வால்வு பிஸ்டன்மேல் விழும். டெல்மர் வண்டியில் நடந்ததும் அதுதான்.

அவள் உடைந்த துண்டை எடுத்துத் துணியில் துடைத்து அவனிடம் நீட்டினாள். முறிந்த இடத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தது.

லேன் அதை நகத்தால் தடவிப் பார்த்தான்.

"ஸ்பிரிங்கை அழுத்துற கிளாம்ப் அந்த மூலைல நுழையல," என்றான். "ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆயிடுச்சு. ஸ்க்ரூடிரைவரை வச்சு நெம்பிட்டேன். அது போட்ட கீறல்தான் இது."

"சபைக்கு வந்திருந்தா கிளாம்ப் நான் குடுத்திருப்பேன்ல? எங்கிட்ட வளைஞ்சது ஒண்ணு இருக்கு."

"திட்டணும்னா திட்டிடு நார்மா."

"திட்ட எனக்கு என்னடா யோக்கியதை இருக்கு?"

"நீ சாவி கேக்கலன்னா இன்னிக்கு அம்மா..." உடைந்த துண்டைச் சட்டைப்பையில் போட்டான். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"அவருக்குச் சொல்லு. உள் ஸ்பிரிங்குக்கும் ஒரு வார்த்தை சொல்லு. சனிக்கிழமைலேர்ந்து ஒண்ணே நின்னு சுமந்திருக்கு போல."

புது ஸ்பிரிங் வர ஒரு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை அந்த வளைந்த கிளாம்ப்பை அவன் கையில் கொடுத்துவிட்டு, நார்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மக்காச்சோள ரொட்டியைத் தின்றாள். வேலையை லேனே முடித்தான். சனிக்கிழமை ஐவா தன் சூட்டுச் சீட்டில் உட்கார்ந்து மலை தாண்டினார். விளக்கு எரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் லேன் உடைந்த துண்டை எல்லோர் கையிலும் கொடுத்துக் காட்டினான். கர்ட் அதிக நேரம் வைத்திருந்தான்.

நாலு வருஷம் கழித்து சுரங்கத் தூசி நார்மாவின் நெஞ்சைப் பிடித்துவிட்டது. ஷெட்டைப் பூட்டிவிட்டு ஒஹாயோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். அது ஒரு செப்டம்பர் ஞாயிறு. மைதானத்தில் லேன் அம்மாவை ஏற்றிக்கொண்டு இன்ஜினைப் போட்டிருந்தான். நார்மா மெல்ல நடந்து வந்து சன்னலில் கை வைத்தாள். முதலில் சத்தத்தைக் கேட்டாள், பிறகு விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். ஐவா அவள் கையைப் பிடித்து முத்தமிட்டார். பிப்ரவரியில் ஒஹாயோவிலிருந்து அவள் இறந்துபோன செய்தி வந்தது. அந்தச் செப்டம்பர் ஞாயிறுக்கு அப்புறம் அவர்கள் அவளைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவள் இரண்டடி போய், இருமிவிட்டு, திரும்பி வந்தாள்.

"லேனு, அம்மா சீட்டுக்கு அடியில நான் ஓட்டின ஒயர் பழசாயிடுச்சு. குளிர் வர்றதுக்குள்ள மாத்திடு."