விசில் மாஸ்டரின் உதடு

எங்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விசில் மாஸ்டர், அவ்வளவுதான். மைதானத்தின் மறுகோடிவரை கேட்கும் குரல். கையில் கிடைத்த தண்ணீர் பாட்டிலெல்லாம் அவருடையது. அவருடைய விசிலோ ஊருக்கே பொது. நான் கணக்கு வாத்தியார், பக்கத்து மேசைக்காரன். என் டீயில் பாதி அவர் வயிற்றுக்குத்தான் போகும்.

வருஷத்துக்கு மூன்று நாலு தடவை அவருடைய கீழுதட்டோரத்தில் கொப்புளம் கொத்தாகக் கிளம்பும். விளையாட்டு விழா நெருங்கினால் கண்டிப்பாக வரும். "உடம்புச் சூடு" என்று சொல்லிவிட்டு அடுத்த விசிலை ஊதுவார்.

"நம்ம கல்யாண நாளை மறந்தாலும் மறப்பீங்க, இது மட்டும் தேதி தவறாம வந்துடுது" என்பார் அவர் மனைவி.

பதினோரு வருஷம் காத்திருந்து அவருடைய தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. செய்தி வந்ததும் மாஸ்டர் மைதானத்திலிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். உதட்டில் புதுக் கொப்புளம். வாசலில் அவருடைய தோளுயரம்கூட இல்லாத ஒரு நர்ஸ் கையை நீட்டி மறித்தார்.

"உதட்டுல என்ன சார்?"

"சூட்டுக் கொப்புளம்மா."

"சூடு இல்ல சார், ஒட்டுற கிருமி. பச்சக் குழந்தைக்கு உயிருக்கே ஆபத்தாயிடும். நல்லா ஆறினப்புறம் வாங்க."

ஐந்நூறு பிள்ளைகளை ஒரு ஊதலில் நிறுத்துகிறவர், அந்த ஒரு கைக்கு நின்று திரும்பினார். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாராம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை; அவர் மனைவி சொன்னார், சிரிக்காமல்.

மறுநாளே டாக்டரிடம் போனார். அந்தக் கிருமி ஒருமுறை உடம்பில் புகுந்தால் போகாதாம், நரம்புக்குள் தூங்குமாம். கொளுத்தும் வெயில், தூக்கமின்மை, காய்ச்சல், மனக்கவலை எல்லாம் அதை எழுப்பிவிடுமாம். "விரட்ட முடியாது மாஸ்டர். ஆனா அடிக்கடி எழுப்பாம இருக்கலாம்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து எங்களுக்குத்தான் சோதனைக் காலம். கூடை மாதிரி ஒரு தொப்பி வந்தது. வெயில் தாங்கும் உதட்டு மருந்து சட்டைப்பைக்கு வந்தது. சாமான் அறைக்குப் பின்னால் ஒளிந்து நின்று அதைப் பூசும்போது எட்டாம் வகுப்பு பார்த்துவிட்டது. "மாஸ்டர் லிப்ஸ்டிக் போடுறாருடா!" கத்துவார் என்று நினைத்தோம். "வெயிலுக்குடா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வெட்கத்தோடு தொப்பியை இறக்கிக்கொண்டார்.

ஒவ்வொரு அணித் தலைவனுக்கும் தனி விசில். அவர் விசிலை யாராவது தொட்டால் முறைப்பு. துண்டும் தம்ளரும் தனி. என் டீ முழுசாக எனக்கே கிடைத்தது. பழக்கமில்லாததால் பாதியிலேயே வைத்துவிட்டேன். பத்து மணிக்குத் தூங்கியாக வேண்டும் என்பதற்காக விளையாட்டு விழா வேலையை ஒரு மாதம் முன்னாலேயே தொடங்கினார். அட்டவணை போடும் வேலை என் தலையில் விழுந்தது. உதட்டோரம் சுருக்கென்றால் உடனே டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை.

புண் ஆறி, தோல் பழையபடி ஆன பிறகுதான் குழந்தையைப் பார்க்கப் போனார். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

"போதும் அண்ணா, ரேகை அழிஞ்சுடப் போகுது" என்றாள் தங்கை.

முகத்தருகே போகாமல் மடியில் வாங்கிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாகக் கிசுகிசுத்தார். குழந்தை வீறிட்டு அழுதது.

அந்த வருஷம் விளையாட்டு விழா கொப்புளமில்லாமல் முடிந்தது. மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். ஆனால் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, கூடவே ஒரே ஒரு சின்னக் கொப்புளம். யாரும் சொல்லாமலே தங்கைக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இந்த வாரம் வரலம்மா. பாப்பா தேடுவா, என்ன பண்றது?"

"அவ எங்க தேடுறா? நல்லாத் தூங்குறா. நீ நிதானமா வா அண்ணா."

"தேடவே இல்லையாம்" என்று என்னிடம் முறையிட்டுவிட்டு மைதானத்துக்குப் போனார் மாஸ்டர்; சாயங்கால மணி அடிக்கும்வரை விசில் ஓயவில்லை.