வெள்ளானூர் ஷெட்டுல கேட்ட எஞ்சின் சத்தம்

சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுடுங்க, நடுவுல சிரிச்சா எனக்குக் கோவம் வரும். பேய், பிசாசு, ஆவி, காத்து கருப்பு, எதுலயும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆவடில டிஃபென்ஸ் ஃபேக்டரில எஞ்சின் டெஸ்ட் பண்ற வேலை, குவார்ட்டர்ஸ் வாசம். சத்தத்தக் கேட்டே இதுல இன்ன கோளாறுன்னு சொல்லி சம்பளம் வாங்கினவன் நான். குவார்ட்டர்ஸ்ல தண்ணி டேங்க் பக்கம் வெள்ளையா ஒரு உருவம் நிக்குதுன்னு ஜனங்க கதவச் சாத்திகிட்டு உக்காந்திருந்தப்போ டார்ச்ச எடுத்துகிட்டு நான்தான் போய்ப் பாத்தேன், யாரோ கொடில காயப்போட்ட வேட்டி. அந்த மாதிரி ஆளு.

தொண்ணூறுகளோட ஆரம்பம்னு வெச்சுக்குங்க. பூந்தமல்லில லேத் பட்டறை வெச்சிருந்த சலீம் பாய் எனக்கு நெருங்கின சிநேகிதர். வாலிப வயசுல ஏதோ ஒரு ஃப்ளையிங் கிளப்புல சேந்து தனியா ஓட்டற அளவுக்குக் கத்துகிட்டிருக்கார், அப்புறம் அப்பா இறந்து பட்டறை தலைல விழுந்ததும் அது நின்னு போச்சு, கிறுக்கு மட்டும் நிக்கல. வெள்ளானூர் ஏரிக்கரை ஓரமா ஒரு தகர ஷெட்டு பிடிச்சு, அலுமினியக் குழாயும் துணியும் வெச்சு, ஒரே ஆள் உக்கார்ற மாதிரி குட்டி ப்ளேன் ஒண்ணு கட்டினார். பர்மிஷன் வாங்கினீங்களான்னு கேக்காதீங்க.

எஞ்சின், துறைமுகத்துல நசுங்கி ஸ்கிராப்புக்கு வந்த ஒரு ஜப்பான் கார்ல இருந்து கழட்டினது. ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் மேலயும் கீழயும் போய் வர்ற கதையே இல்ல, உள்ள சமோசா மாதிரி முக்கோணமா ஒரு இரும்பு சுத்திகிட்டே இருக்கும். அதோட சத்தமும் வேற மாதிரி, புதுத் துணிய நீளமாக் கிழிச்சுகிட்டே போற மாதிரி இருக்கும். அந்த வட்டாரத்துலயே அப்படி ஒரு எஞ்சின் அது ஒண்ணுதான். வேற எதுவோடயும் அத நான் குழப்பிக்க வழியே இல்ல, இத நீங்க ஞாபகம் வெச்சுக்கணும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு பட்டறை ஆளுங்க ஷெட்டுலயும் பூஜை போட்டாங்க. பாய்க்கு அதுல எப்பவுமே உற்சாகம். சந்தனம் எங்களுக்கும் உண்டுப்பான்னு சொல்லி கிண்ணத்த அவரே வாங்கி, ட்ரில்லிங் மெஷின்ல ஆரம்பிச்சு ப்ளேனோட மூக்கு, இறக்கை, சக்கரம், பெட்ரோல் டேங்க்னு ஒண்ணு விடாம கட்டை விரலால அழுத்தி அழுத்தி வெச்சார். நான் பொரி கடலைய மட்டும் வஞ்சனையில்லாம சாப்பிட்டேன்.

அதுக்கப்புறம்தான் வம்பு. ஸ்டார்ட் பண்ணா ஜோரா ஓடும், கொஞ்ச நேரம் போனதும் திணறும், விட்டு விட்டுத் திணறி அப்படியே செத்துடும். எஞ்சின் நின்னா எங்க டெஸ்ட் பழக்கப்படி நான் முதல்ல பண்றது டேங்க் மூடியத் திறந்து குச்சிய விட்டு பெட்ரோல் இருக்கான்னு பாக்கறது. பெட்ரோல் இருக்கும். மூடிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். பாய்க்கும் எனக்கும் மண்ட காஞ்சு போச்சு. ஒரு ரோட்டருக்கு ரெண்டு ப்ளக்கு, எல்லா ப்ளக்கையும் மாத்தினோம், வயர மாத்தினோம், கார்புரேட்டரப் பிரிச்சு ஊதினோம், ரேடியேட்டருக்கு காத்து வழி பண்ணிக் குடுத்தோம். கடைசில இக்னிஷன் காயில் சூடானா தகராறு பண்ணுதுன்னு அதயும் மாத்திட்டு ஓட்டிப் பாத்தா ஒழுங்கா ஓடுச்சு. ஆனா முழுசா ஓட்டிப் பாக்கறதுக்குள்ள பக்கத்துல மாடு கட்டறவர் வந்து எருமை மிரளுதுன்னு சண்டைக்கு நின்னார், நிறுத்திட்டோம். பாய் சொல்லிட்டார், காயில்தான், தீந்துச்சு, நாளைக்குக் காலைல பறக்கறேன்னு.

அவருக்கு அவசரம் ஏன்னா, காஞ்சு கிடந்த ஏரிதான் எங்களுக்கு ரன்வே. மழை எப்ப வேணா பிடிச்சுக்கும், ஏரில தண்ணி நின்னா அடுத்த கோடை வரைக்கும் காத்திருக்கணும். எனக்கு மனசு ஒப்பல. அதுக்கு மேல, அன்னிக்கு மத்தியானம் அவங்க வீட்டுல சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் சம்சாரம் ரஹீமா பின்னாடியே வந்து மெதுவாக் கேட்டாங்க.

"அண்ணே, அவரு சொல்றத நான் நம்பல. நீங்க சொல்லுங்க, மேல போய் எஞ்சின் நிக்காதுல்ல?"

நிக்காதும்மான்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு அப்ப மூணாவது குழந்தை வயித்துல.

பேட்டரிய குமணன்சாவடில சார்ஜுக்குக் குடுத்துட்டு, பாய் ராத்திரி வாங்கிக்கறதா ஏற்பாடு பண்ணிட்டு, மனசு கேக்காம சாயங்காலம் தனியா சைக்கிள்ல வெள்ளானூருக்குப் போனேன். வெயில் இன்னும் இறங்கல. ஏரிக்கரை ஏறும்போதே அந்த சத்தம் கேட்டுது, துணி கிழிக்கிற சத்தம். பாய் என்னை விட்டுட்டு ஓட்டிப் பாக்கறாரேன்னு எரிச்சல்தான் வந்துச்சு. கிட்டப் போனா ஷெட்டு வெளிய பூட்டியிருக்கு. சாவி என் இடுப்புல. சத்தம் உள்ள இருந்து வருது, தகரம் கூட அதிருது, கைய வெச்சா தெரியுது.

தகர இடுக்கு வழியாப் பாத்தேன். மேல் ஓட்டைல இருந்து வெயில் நேரா ப்ளேன் மேல விழுந்துகிட்டிருந்துச்சு. முன்னாடி ப்ரொப்பெல்லர் அசையவே இல்ல. நின்னது நின்ன மாதிரி இருக்கு, எஞ்சின் சத்தம் மட்டும் முழு வேகத்துல ஓடுது. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும், நான் தண்ணி அடிக்கறவன் இல்ல.

பயம்னு சொல்ல மாட்டேன், கேட்டுகிட்டே நின்னேன், பழக்கம் அப்படி. கொஞ்ச நேரத்துல அதே திணறல். அதே மாதிரி விட்டு விட்டு, செத்துடுச்சு. அந்த அமைதில புஸ்ஸ்ஸ்னு நீளமா ஒரு சத்தம், காத்த உள்ள இழுக்கற சத்தம், அப்புறம் ஒண்ணுமில்ல. பூட்டத் திறந்து உள்ள போனேன். பேட்டரி வயர் ரெண்டும் வெறுமனே தொங்குது. எஞ்சினத் தொட்டேன், பச்சைத் தண்ணி மாதிரி ஜில்லுனு இருக்கு.

அப்பதான் அந்தப் புஸ்ஸுங்கற சத்தம் எனக்கு உறைச்சுது. நேரா டேங்க் மூடியப் பிடிச்சேன், இறுகிக் கிடந்துச்சு, திருகினதும் அதே சத்தம், கடைசியா ஓட்டினப்போ உண்டான இழுப்பு உள்ளயே நின்னிருக்கு, காத்து உள்ள போகுது. மூடிய வெயில்ல திருப்பிப் பாத்தேன். பெட்ரோல் குறையக் குறைய காத்து உள்ள போறதுக்கு அதுல ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், அதுல சந்தனம் கல்லு மாதிரி காஞ்சு அடைச்சிருக்கு. காத்து போக வழியில்லாம டேங்க் பெட்ரோல விடாமப் பிடிச்சுக்கும், எஞ்சின் பட்டினில சாகும். நான் ஒவ்வொரு தடவையும் குச்சி விட்டுப் பாக்க மூடியத் திறந்தப்போ அதுவே சரியாயிடும். ரேடியேட்டர் கொதிக்கற சத்தத்துல இந்த சத்தம் என் காதுல விழவே இல்ல. மேல பறக்கும்போது யார் மூடியத் திறக்கறது?

ஊக்கால குத்தி ஓட்டைய எடுத்தேன். ராத்திரி பாய்கிட்ட சந்தனத்த மட்டும் சொன்னேன், எஞ்சின் சத்தத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, கிண்டல் பண்ணுவார்னு. அவர் தலைல அடிச்சுகிட்டு சிரிச்சார்.

காலைல வெகு நேரம் தரைல ஓட்டிப் பாத்தோம், நிக்கல. பாய் கிளம்பினார். ஏரி மேல ரெண்டு ரவுண்டு. ரஹீமா முந்தானைய வாயில வெச்சுகிட்டு என் பக்கத்துலயே நின்னாங்க. நான் கண்ணால பாக்கல, காதாலதான் பாத்தேன், ஒரு இடத்துல கூட சத்தம் பிசிறல. இறங்கினதும் அந்தம்மா அழுதாங்க, எனக்கும் கண்ணுல தண்ணி வந்துச்சு, அத மறைப்பானேன்.

அவங்க ஃப்ளாஸ்க்ல இருந்து டீ ஊத்தப் போனப்போ பாய் என்னைத் தனியா இழுத்தார்.

"நைனா, ரெண்டாவது ரவுண்டுல எஞ்சின் நின்னுச்சே, கீய நின்னவங்களுக்கு கேட்டுச்சா?"

"நிக்கலயே பாய். நாங்க கேட்டுகிட்டேதான இருந்தோம்."

"எனக்கு நின்னுச்சுபா. திணறி திணறி நின்னுச்சு. எதுர காத்தாடி சுத்திகினே கீது, சத்தம் மட்டும் சுத்தமா இல்ல. செத்தோம்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் கயிச்சு புஸ்ஸுனு இன்னாவோ கேட்டுச்சு, அப்புறம்தான் சத்தம் வந்துச்சு. ரஹீமா கைல சொல்லிடாத."

முந்தின நாள் எனக்கு சுத்தாத காத்தாடியோட சத்தம் கேட்டுது, இவருக்கு சுத்தற காத்தாடியோட சத்தம் கேக்கல. இன்னிக்கு மேல காணாமப் போன சத்தம்தான் நேத்து ஷெட்டுல முன்கூட்டியே ஓடிட்டுப் போச்சா? காலை வெயில்ல, ஆளுங்க நடுவுல நின்னுகிட்டு எனக்கு அப்பதான் பயம் பிடிச்சுது. பாய்கிட்ட அப்பவும் சொல்லல, இன்னிக்கு வரைக்கும் சொல்லல. வீட்டுல தலைக்கு மேல ஃபேன் சுத்தறதப் பாத்தா, சத்தம் வருதான்னு ஒரு தடவை காதக் குடுத்துக் கேட்டுட்டுத்தான் படுக்கறேன்.