வியாழக்கிழமைச் சிவப்பு மீன்

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றியே என் முதுகு போயிற்று. பயணிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் மேசை வேலைக்கு மாற, பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தேன். மூன்றாம் தடவை, வில்லரே பகுதியில் நாங்கள் போன மாலை வகுப்பின் ஆசிரியை தேர்வையே பட்டிமன்றமாக்கிவிட்டார்: கடலில் அருகிவரும் சிவப்பு மீனைப் பிடிக்கத் தடை வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்பது என் கட்சி. வேண்டாம் என்பது அதே வகுப்பில் படித்த என் மனைவியின் கட்சி. வீட்டிலும் நாங்கள் அப்படித்தான்.

'இது மிக மெதுவாக வளரும் மீன். பெருகப் பல வருடமாகும்' என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். பிறகு கையிலிருந்த குறிப்புத் தாளைப் பார்த்தும் நாக்கு ஒட்டிக்கொண்டது. தடையைத் தவிர மீனைக் காக்க வேறு வழி உண்டா என்று ஆசிரியை கேட்க, வாய்க்கு வந்ததை அளந்தேன்: எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் இல்லை, கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இல்லை, மீனைக் காக்க எங்கள் முன்னோர் கண்ட வழி இது. ஆசிரியை உருகிப்போனார்.

மனைவி எழுந்தாள். வெள்ளி விரதத்துக்காக வியாழக்கிழமையே நான் இரண்டு நாள் மீனையும் சேர்த்துத் தின்று, சட்டியையும் சோறு போட்டு வழிப்பதைப் பிரெஞ்சில் விளக்கமாகச் சொன்னாள். வகுப்பே சிரித்தது. எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. தாளை எறிந்துவிட்டுப் பத்து நிமிடம் பிரெஞ்சில் சண்டை பிடித்தேன். ஆசிரியை அந்த இடத்திலேயே என்னைத் தேர்ச்சி என்று அறிவித்தார். வாக்கெடுப்பில் தடைதான் வென்றது. மனைவியும் அதற்கே கை தூக்கினாள்.

"ஏனப்பா என்ர மானத்தை வாங்கினனீர்?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"தாளைப் பாத்தால் உங்களுக்கு வாய் வராது. சண்டையெண்டால் மட்டும் நல்லா வரும். அதுதான் வேணுமெண்டே சண்டை கொளுவினனான்."

நெகிழ்ந்துபோனேன். அவளைப் போல் ஒருத்தி எனக்குக் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம்.

"நாளைக்கு வியாழன். சிவப்பு மீன் குழம்பு வையுமன்."

"தடை கேட்டு வெண்டது ஆர்? மீன் பெருகட்டும், பேந்து பாப்பம்."

மறுநாள் கத்தரிக்காய்க் குழம்பு. அடுத்த வியாழனும் அதுதான். மேசை வேலை கிடைத்து, முதுகு ஆறி, சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒருநாள்தான், அது மிக மெதுவாக வளரும் மீன் என்று நானே அடித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது.