ஆளோடு வாங்கிய வீடு

எங்கள் தீவின் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்து ஆட்சியைக் கவிழ்த்தார்களே, அதற்கு அடுத்த வருஷம் நாங்கள் பா டவுனில் ஒரு வீடு வாங்கினோம். இனி இங்கே இருக்க முடியாது என்று எங்கள் இந்திய ஜனங்கள் ஊரோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். யாரைப் பார்த்தாலும் ஆக்லாந்து, பிரிஸ்பேன், வான்கூவர் பேச்சுதான். போகிறவர்கள் வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டுப் போனார்கள். அதில் ஒன்றைப் பிடித்துவிட வேண்டும் என்று நாங்கள் அலைந்தோம். எழுதும்போதே வாய் கசக்கிறது. ஆனாலும் அலைந்தோம்.

எங்களுக்கும் அடி பட்டிருந்தது. என் மாமனார் முப்பது வருஷம் கரும்பு போட்டது லீஸ் நிலத்தில். லீஸ் முடிந்தது, நிலத்துக்காரர்கள் புதுப்பிக்கவில்லை. கட்டிய வீட்டை அங்கேயே விட்டுவிட்டு வாடகை வீட்டுக்கு வந்தோம். என் கணவர் ரராவாய் சர்க்கரை மில்லில் ஃபிட்டர். நான் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். “இனிமே வாங்கினா ஃப்ரீஹோல்டுதான். மண்ணும் நம்ம பேர்ல இருக்கணும்” என்று அவர் ஒரே பிடியாக இருந்தார்.

வீட்டு ஏஜெண்ட் ஒருவர் எங்கள் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ் வைத்திருந்தார். மாங்காய்த் துண்டை மிளகாய் உப்பில் தொட்டுத் தின்றுகொண்டே பேசுவார். அந்த விரலையே நக்கிக் காகிதத்தைப் புரட்டுவார். அவர் கொடுக்கும் எந்தக் காகிதமும் ஒரு மூலையில் ஈரமாக இருக்கும்.

“மார்ட்கேஜி சேல், தீதி” என்றார். எங்கள் பக்கம் தமிழர்களும் அக்காவை தீதி என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஆள் வாயிலிருந்து அது எண்ணெய் தடவிக்கொண்டு வந்தது.

“அப்படின்னா?”

“கடன் வாங்கினவன் கட்டல, பாங்க் வீட்டை விக்குது. ஃப்ரீஹோல்டு. இந்த விலைக்கு இனி கிடைக்காது.”

காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மகளின் பள்ளிக்கூட டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மார்ட்கேஜி என்றால் கடன் வாங்கியவன் என்று நினைத்திருந்தேன். இல்லை, அது பாங்க். வாங்கியவன் மார்ட்கேஜர். இதைப் புரிந்துகொள்ளவே ஒரு சாயங்காலம் போயிற்று. அடுத்த பக்கத்தில் ‘வேகன்ட் பொஸஷன்’ என்று ஒன்று. அதற்கு பாங்க் பொறுப்பல்ல என்று போட்டிருந்தது. மறுநாள் மாடியேறிப் போய்க் கேட்டேன்.

“வீட்டை ஆள் இல்லாம காலியா ஒப்படைக்கிறது. பாங்க் அந்தப் பொறுப்பை எடுத்துக்காது. எல்லாப் பேப்பர்லயும் இப்படித்தான் போடுவாங்க.”

“அப்ப உள்ளே ஆள் இருக்காங்களா?”

“அவன் நியூசிலாந்து போய்ட்டான், தீதி.”

அவன் மட்டும்தான் போனானா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை. பதில் தெரிந்துவிட்டால் கையெழுத்துப் போட முடியாது என்றுதான் கேட்கவில்லை.

வீடு எங்கள் பேருக்கு வந்ததும் ஒரு சனிக்கிழமை சாவியோடு போனோம். சாவிக்கு வேலையே இல்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே பருப்பு தாளிக்கிற வாசனை. முப்பது வயதிருக்கும் ஒரு பெண் கரண்டியோடு வெளியே வந்தாள். பின்னால் இரண்டு சிறுமிகள். முன்னறைக் கட்டிலில் அவள் மாமனார், வாதத்தில் விழுந்தவர், எங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“இந்த வீட்டை நாங்க வாங்கியிருக்கோம்” என்றார் என் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “மாசாமாசம் கட்டிட்டு இருக்கேன்னுதான் அவர் போன்ல சொன்னார். இப்ப நாலு மாசமா போனே இல்ல” என்றாள். பிறகு எங்களை உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். குடித்தோம். குடித்துக்கொண்டே, அந்தச் சுவரோரம் எங்கள் பீரோ நிற்குமா என்று கண்ணால் அளந்தேன்.

அவர்களை வெளியேற்றக் கோர்ட் ஆர்டர் வாங்க வேண்டும், மாதக்கணக்காகும் என்றார் வக்கீல். ஏஜெண்ட் சிரித்தார்.

“கோர்ட் எதுக்கு? தண்ணி கனெக்‌ஷன் இப்ப உங்க பேர்ல. நிறுத்துங்கன்னு ஒரு கையெழுத்து. படுக்கையில ஆளை வெச்சிக்கிட்டுத் தண்ணியில்லாம எத்தனை நாள் இருப்பாங்க?”

விரலை நக்கி ஒரு ஃபாரத்தை உருவினார். கணவர் அன்று ஷிஃப்டில் இருந்தார். “நீயே பாத்து முடிச்சிடு” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தெரியாமல் போட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அந்த ஃபாரத்தில் எனக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. படித்தேன். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து அவளும் பெண்களும் பக்கெட்டில் தண்ணீர் சுமப்பதாகக் கேள்விப்பட்டேன். பிறகு அந்த வீட்டுக்காரர்களும் முகம் சுளித்தார்களாம். ஒன்பதாம் நாள் அவள் அண்ணன் தவுவாவிலிருந்து கேரியர் லாரி கொண்டுவந்து எல்லோரையும் ஏற்றிப்போனான்.

நாங்கள் போனபோது வாசல் பெருக்கியிருந்தது. உள்ளே காலை வைத்ததும் நாற்றம் அறைந்தது. கக்கூஸ் விளிம்புவரை நிரம்பிக் கிடந்தது. என் கணவர் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். ஏஜெண்ட் கேட்டருகிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“சீ, இந்த ஜனங்களே இப்படித்தான், தீதி. போற இடத்தையும் அசிங்கப்படுத்திட்டுப் போவாங்க.”

“தண்ணியை நிறுத்தினது யாரு?” என்றேன்.

அவர் வாட்சைப் பார்த்தார். “சரி, வேகன்ட் பொஸஷன் கிடைச்சாச்சு இல்ல? என் வேலை முடிஞ்சுது.” போய்விட்டார். ஆறு மாதம் கழித்து அவரும் பிரிஸ்பேன் போய்ச் சேர்ந்தார்.

கணவர் கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றார். நான் விடவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே அள்ளினேன். நாலு பாட்டில் பினாயில் ஊற்றினேன். இரண்டு வாரத்துக்குச் சோற்றில் கை வைத்தால் அதே நாற்றம் வந்தது. அது அவர்கள் நாற்றம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து லௌடோகா பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். முகத்தைத் திருப்புவாள், இல்லையென்றால் நாலு பேர் முன்னால் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“உக்காருங்க, தீதி. மழைக்குப் பின்பக்கம் தண்ணி நிக்குமே, வாய்க்கால் வெட்டினீங்களா?”

“வெட்டியாச்சு” என்றேன்.

“நல்லது. நான் எவ்வளவோ சொன்னேன், அவர் கேக்கல.”

கட்டிலில் படுத்திருந்த பெரியவரைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மார்க்கெட் பக்கம் அவள் இறங்கினாள், அவள் பையை எடுத்துக் கீழே கொடுத்தேன். நாங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.