நகராத சாமான்

பாரோய் ஊரில் ஹேமநாதன் வீட்டில் அயர்ன் பாக்ஸ்கூட பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டுதான் சட்டை தேய்க்கும். அவர் தொழில் அப்படி. பெடாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் இருக்கும் மின்சாரச் சாமான்களைச் சோதித்து, தேறியதற்குப் பச்சை, தேறாததற்குச் சிவப்பு ஒட்டுவார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி சோதிப்பதில்லை. கையில் பிடித்து வேலை செய்யும் டிரில், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஆறு மாதத்துக்கு ஒரு தரம். கரண்டு அடித்தால் பிடித்த கை விடாது. அங்கே இங்கே இழுத்துப்போகும் காற்றாடி, நீட்டு வயர் வருஷத்துக்கு ஒரு தரம். இருந்த இடத்திலேயே இருக்கும் ஃபிரிட்ஜ் வகையறா நாலு வருஷத்துக்கு ஒரு தரம். எது எந்த வகை என்று முடிவு செய்பவர் ஹேமநாதன். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

செம்பனை எண்ணெய் ஆலைக் காண்டீனில் இருந்த மாவு கிரைண்டரை அவர் கடைசி வகையில் எழுதியிருந்தார். ரெண்டு ஆள் தூக்கினாலும் மூச்சு வாங்கும் கனம். இதெங்கே நகரப்போகிறது என்று நினைத்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

போன வருஷம் காண்டீனில் சமைக்கும் குமுதவல்லி உளுந்து வடையும் தேத்தண்ணியும் வைத்துவிட்டுச் சொன்னாள், “அண்ணே, வந்தது வந்தீங்க, கிரைண்டரையும் பாத்துருங்கலா.”

“அது அடுத்த வருஷம்தாம்மா. இந்த லிஸ்டுல இல்ல.”

வடை நன்றாக இருந்தது. இன்னும் ரெண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதிலிருந்து நாலாம் மாதம் அந்தக் கிரைண்டர் அவளைத் தூக்கியடித்தது. வலது கையில் மூன்று விரல் இனி மடங்காது. பார்க்கச் சொல்லி ஹேமநாதனைத்தான் கூப்பிட்டார்கள். பிளக்கைத் திறந்தால் உள்ளே எர்த் வயர் அறுந்து கிடக்கிறது. கசிந்த மின்சாரம் போக வழியில்லாமல் அவள் கைவழியே போயிருக்கிறது. பிறகு தரையைப் பார்த்தார். கிரைண்டரின் காலடியிலிருந்து பின்வாசல் குழாயடி வரைக்கும் சிமெண்டில் ரெண்டு தடம் தேய்ந்திருந்தது. கழுவுவதற்காகத் தினமும் அதை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அந்த இழுப்பில்தான் வயர் அறுந்திருக்கிறது. வருஷா வருஷம் பிளக்கைத் திறந்திருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

விசாரணைத் தாளில் மேனேஜர், ‘ஈரக் கையோடு தொட்டார்’ என்று எழுதினார். பொய்யில்லை. மாவரைக்கிறவள் கை வேறெப்படி இருக்குமாம்? ஹேமநாதன் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். எந்த வகையில் எழுதினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை. குமுதவல்லியைக் கூட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இவருக்குச் சோறு இறங்காமல் போயிற்று. சர்க்கரை வியாதியோ என்று பயந்து மனைவி நீலாவதி ரத்தம் சோதிக்க அழைத்துப்போனாள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனசு கேட்காமல் அவள் வீட்டுக்கே போனார்.

“கையத் தொடச்சிருக்கணும்ணே,” என்று அவளே முந்திக்கொண்டாள். “என்னால ஒங்களுக்கும் கெட்ட பேரு.”

அதைக் கேட்டதும் அவருக்குத் தாங்கவில்லை. “இல்லம்மா, தப்பு என்னோடது. அத நகராத சாமான்னு எழுதுனது நான்தான். ஒன்னக் கேக்காமயே எழுதுனேன். வருஷா வருஷம் பாத்திருக்கணும்.”

குமுதவல்லி நிமிர்ந்தாள்.

“எட்டு மாசமா எங்க வீட்டுக்காரரு, ‘அறிவு கெட்டவளே, ஈரக் கையோடவா தொடுவ’ன்னு ஏசுறாரு. நானும் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க தெரிஞ்சேவா சும்மா இருந்தீங்க?”

“ஆமாம்மா,” என்றார் ஹேமநாதன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று வழியெல்லாம் நம்பிக்கொண்டு வந்த மனுஷன்.

அவள் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். “ஏங்க, இங்க வாங்க. அண்ணன் ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணுமாம்.” பிறகு இவரிடம், “நாளைக்கு மேனேஜர்கிட்டயும் சொல்லுங்க. நானும் கூட வர்றேன்,” என்றாள்.

அவள் புருஷன் புனிதன், சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றான். ஹேமநாதன் நாற்காலியை விட்டு எழுந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.